பொட்டு தெரிந்தது, ஆள் தெரியவில்லை: 1991 பிப்ரவரி 17 அப்பாச்சி தாக்குதல், ஒரு நிகழ்வு ஆய்வு

1991 பிப்ரவரி 17, நள்ளிரவு தாண்டிய நேரம். வளைகுடாப் போரின் தரைத் தாக்குதல் தொடங்க இன்னும் ஒரு வாரம் இருந்தது. சவுதி-ஈராக் எல்லையில், அமெரிக்காவின் 1-வது காலாட்படை டிவிஷன் ஒரு முன்னணிப் படையை எல்லை மணல்மேட்டுக்கு வடக்கே நிறுத்தியிருந்தது. அதற்கு டாஸ்க் ஃபோர்ஸ் அயர்ன் என்று பெயர். பின்னால் டிவிஷன் தயாராகிக்கொண்டிருக்க, ஈராக்கிய வேவு வண்டிகள் கிட்டே வராமல் மறிப்பதுதான் அந்தப் படையின் வேலை. அன்றிரவு முன்னால் ஏதோ நடமாட்டம் இருப்பதாகத் தகவல் வர, ஏஎச்-64 அப்பாச்சி ஹெலிகாப்டர்கள் அழைக்கப்பட்டன. அந்தக் குழுவை நடத்திவந்தவர் ஹெலிகாப்டர் பட்டாலியனின் தளபதி.

இருட்டில் அவருடைய திரையில் இரண்டு வாகனங்கள் தெரிந்தன. அவை நிற்கும் இடத்தின் கிரிட் எண்ணை, அதாவது வரைபடக் கட்டத்தில் அந்த இடத்தைக் குறிக்கும் எண்ணை, ரேடியோவில் சொன்னார். அந்த இடத்தில் நம் ஆட்கள் யாரும் இல்லை, அவை எதிரி வண்டிகள்தான், அடிக்கலாம் என்று கீழே இருந்த தரைப்படைத் தளபதி பதில் சொன்னார். ஹெலிகாப்டர் தளபதிக்கு அப்போதும் தயக்கம் விடவில்லை. விசையை அழுத்தக் கை வரவில்லை என்று அவரே சொன்னது ஒலிப்பதிவில் இருக்கிறது. ஆனாலும் அழுத்தினார். இரண்டு ஹெல்ஃபயர் ஏவுகணைகள், இரண்டும் குறி தவறவில்லை. அடிபட்டவை ஒரு பிராட்லி கவச வாகனமும், தரைக் கண்காணிப்பு ரேடார் பொருத்திய ஒரு எம்113 கவச வண்டியும். இரண்டுமே அமெரிக்காவுடையவை. 2 வீரர்கள் இறந்தார்கள், 6 பேர் காயமடைந்தார்கள்.

பட்டாலியன் தளபதி பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டார். தளபதிகள் நேரடியாகச் சண்டையில் இறங்கக் கூடாது என்ற உத்தரவை மீறியது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். அமெரிக்க நாடாளுமன்றத்தின் பொதுக் கணக்கு அலுவலகம் 1993-ல் இந்த நிகழ்வைத் தனியாக ஆராய்ந்து அறிக்கை கொடுத்தது. அதன் சாரம், இது முதன்மையாக மனிதப் பிழை என்பதுதான். வழிகாட்டும் கருவியின் எண் தவறாக வாசிக்கப்பட்டது, அதனால் தவறான இடம் சொல்லப்பட்டது.

இதில் மறுக்க எதுவும் இல்லை. ஆனால் "மனிதப் பிழை" என்று கோப்பை மூடிவிட்டால் ஒரு கேள்வி பதில் இல்லாமலே நிற்கிறது. பைலட் அந்த இரண்டு வண்டிகளையும் பார்த்துக்கொண்டேதான் இருந்தார். அன்றைய உலகின் மிகச் சிறந்த இரவுக் கருவிகளில் ஒன்று அவர் கையில் இருந்தது, பழுதில்லாமல் வேலை செய்தது. பிறகு ஏன் ஒரு எண்ணை நம்ப வேண்டி வந்தது?

கருவி காட்டியது என்ன

அப்பாச்சியின் மூக்கில் இரண்டு தலைகள் உண்டு. மேலே இருப்பது ஹெலிகாப்டரை ஓட்டுவதற்கு. அகலமான பார்வை, பைலட் தலையைத் திருப்பும் பக்கம் அதுவும் திரும்பும். கீழே இருப்பது குறி பார்ப்பதற்கு. குறுகிய பார்வை, பெரிதாக்கும் திறன், லேசர், தெர்மல் கேமரா எல்லாம் அதில்தான். 

தெர்மல் கேமரா ஒளியை நம்பி இருப்பதில்லை. ஒவ்வொரு பொருளும் தன் வெப்பநிலைக்கு ஏற்ப அகச்சிவப்புக் கதிர்களை வெளியிடுகிறது. அதில் 8 முதல் 12 மைக்ரான் வரையுள்ள அலைகள் காற்றை ஓரளவு சுலபமாகக் கடந்து வரும். சாதாரணக் கண்ணாடி இந்த அலைகளை விடாது என்பதால் லென்ஸுக்கு ஜெர்மானியம் வேண்டும். உள்ளே பாதரச-காட்மியம்-டெலுரைடு சென்சார் இருக்கும். அதைக் கிட்டத்தட்ட 77 கெல்வினுக்கு, அதாவது மைனஸ் 196 டிகிரி செல்சியஸுக்கு, குளிர்விக்க வேண்டும். குளிர்விக்காவிட்டால் சென்சாரின் சொந்த வெப்பமே படத்தை மூழ்கடித்துவிடும்.

1991-ல் களத்தில் இருந்தவை முதல் தலைமுறைக் கருவிகள். இன்றைய செல்போன் கேமராவைப் போல லட்சக்கணக்கான புள்ளிகள் அவற்றில் இல்லை. 60, 120, 180 என்ற அளவுகளில் வரிசையாக அடுக்கிய சென்சார் புள்ளிகள், அவற்றின் முன்னே ஆடும் ஒரு கண்ணாடி. அந்தக் கண்ணாடி காட்சியை வருடிவர, படம் கோடு கோடாகக் கட்டப்பட்டது. எஞ்சின் மூடி, புகைபோக்கி, மண்ணில் உரசிச் சூடேறிய சங்கிலிச் சக்கரம், சற்றுமுன் சுட்ட பீரங்கிக் குழல் எல்லாம் பளிச்சென்று தெரியும். வண்ணம், எண், கொடி எதுவும் தெரியாது. பெயிண்டுக்கும் கீழே உள்ள எஃகுக்கும் வெப்பநிலை ஒன்றுதான்.

இதில் நுணுக்கமான விஷயம் தூரம். அமெரிக்க ராணுவத்தின் ஃபோர்ட் பெல்வாயர் ஆய்வகத்தில் ஜான் ஜான்சன் என்பவர் 1958-ல் ஓர் அளவுகோலை வெளியிட்டார். ஒரு பொருளின் மேல், கருவியால் எத்தனை ஜோடிக் கோடுகளைப் பிரித்துக் காட்ட முடிகிறது என்பதை வைத்து, பார்ப்பவருக்கு என்ன புரியும் என்று கணிக்கும் அளவுகோல். 'அங்கே ஏதோ இருக்கிறது' என்று சொல்ல சுமார் 1 ஜோடி போதும். 'அது டாங்கி, லாரி இல்லை' என்று சொல்ல 4 ஜோடி. 'இன்ன வகை டாங்கி' என்று சொல்ல 6.4 ஜோடி. அதுவும் பாதிக்குப் பாதி வாய்ப்பில்தான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கருவி 6 கிலோமீட்டரில் ஒரு வாகனம் இருப்பதைக் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதே கருவியில் அது டாங்கி என்று புரிய 1.5 கிலோமீட்டருக்கு நெருங்க வேண்டும். எந்த டாங்கி என்று புரிய 1 கிலோமீட்டருக்குள் போக வேண்டும். அப்படிப் போனாலும் இரண்டுக்கு ஒரு முறை தவறலாம். பெரிதாக்கும் லென்ஸைப் போட்டால் எண்கள் மாறும், விகிதம் மாறாது. ஹெல்ஃபயரோ 8 கிலோமீட்டர் வரை பாயும். லேசர் பட்ட புள்ளியைத் தேடிப் போவதற்கு, அந்தப் புள்ளி யாருடையது என்பது அதற்குத் தேவையில்லை.

கண்டுபிடிக்கும் தூரத்துக்கும் அடையாளம் தெரியும் தூரத்துக்கும் நடுவே சில கிலோமீட்டர் நீளமுள்ள ஓர் இருட்டுப் பட்டை எப்போதும் இருக்கிறது. ஆயுதம் அந்தப் பட்டையைத் தாண்டிச் செல்லும், கண் செல்லாது. அந்த இடைவெளியை வரைபடம், ரேடியோ, 'நம் ஆட்கள் இங்கே இல்லை' என்ற வாக்கு ஆகியவற்றைக் கொண்டுதான் நிரப்ப வேண்டும். பிப்ரவரி 17 அன்று நிரப்பியது ஒரு கிரிட் எண்.

வெற்றி தந்த தைரியம்

இதே கருவிகள் அதே போரில் என்ன சாதித்தன என்பதையும் சேர்த்துப் பார்க்காமல் அந்த இரவின் மனநிலை புரியாது.

ஈராக்கியர்கள் தங்கள் டாங்கிகளைக் கோபுரம் மட்டும் தெரியும்படி மணலில் புதைத்து வைத்திருந்தார்கள். மேலிருந்து வெறும் கண்ணுக்குச் சிக்காது. ஆனால் பகலெல்லாம் வெயிலில் நின்ற இரும்புக் கேட்டை மாலை 7 மணிக்குத் தொட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும், இரும்பும் பக்கத்து மண்ணும் ஒரே வேகத்தில் ஆறுவதில்லை. பாலைவனத்திலும் அதேதான். சூரியன் இறங்கியதும் புதைத்த டாங்கி ஒவ்வொன்றும் எஃப்-111எஃப் விமானங்களின் பேவ் டாக் தெர்மல் கருவியில் தனித்தனியாகத் துலங்கியது. பிப்ரவரி தொடக்கத்திலிருந்து, ஒரு டாங்கிக்கு ஒரு குண்டு என்ற கணக்கில் 500 பவுண்டு ஜிபியு-12 லேசர் குண்டுகளைப் போட ஆரம்பித்தார்கள். விமானிகள் இதற்கு 'டாங்க் பிளிங்கிங்' என்று பெயர் வைத்தார்கள். தகர டப்பாவை வரிசையாக வைத்துச் சுடுவது போன்ற விளையாட்டுத் தொனி அந்தப் பெயரில் இருந்ததால் மேலதிகாரிகளுக்குப் பிடிக்கவில்லை என்பது ஒரு துணைக் கதை. ஈராக்கிய வீரர்கள் டாங்கிக்குள் படுப்பதை விட்டு, தள்ளிப்போய்க் குழி வெட்டிப் படுக்கத் தொடங்கினார்கள்.

தரையிலும் இப்படித்தான். பிப்ரவரி 26 பிற்பகல், 73 ஈஸ்டிங் என்று வரைபடக் கோட்டின் பெயரால் அழைக்கப்படும் சண்டை. மணற்புயலில் வெறும் கண்ணுக்கு எதுவும் தெரியாத நிலை. அமெரிக்காவின் 2-வது கவசக் குதிரைப்படையைச் சேர்ந்த ஈகிள் ட்ரூப் என்ற சிறு பிரிவு, கேப்டன் எச். ஆர். மெக்மாஸ்டர் தலைமையில், ஈராக்கின் தவக்கல்னா டிவிஷனின் நிலைகள் மீது ஏறிப் போனது. அமெரிக்க எம்1ஏ1 ஏப்ராம்ஸ் டாங்கியின் கன்னருக்கு, அதாவது பீரங்கி சுடுபவருக்கு, தெர்மல் சைட் இருந்தது, ஈராக்கிய டி-72 கன்னருக்கு இல்லை. அந்த ஒரு ட்ரூப் மட்டும் 23 நிமிடங்களில் 28 டாங்கிகளை அழித்தது.

அங்கே ஏன் குழப்பம் வரவில்லை? முன்னால் இருப்பது எல்லாம் எதிரி என்பது அங்கே தெளிவாக இருந்தது. படைகள் ஒரே திசையில், ஒரு வரிசையாக, பகலில் நகர்ந்தன. திரையில் பொட்டு தெரிந்தால் அது ஈராக்கியப் பொட்டு என்று கருதத் தளத்தின் அமைப்பே இடம் கொடுத்தது. டாஸ்க் ஃபோர்ஸ் அயர்ன் நின்ற இடத்தில் அப்படி இல்லை. அகலமான வெளியில் சிறு சிறு குழுக்களாக நம் வண்டிகள் சிதறி நின்றன. ஹெலிகாப்டர் தன் போக்கில் பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே இருந்தது. எல்லாம் ஒரே மாதிரிப் பாலை. திரும்பிப் பார்த்து இடம் தெரிந்துகொள்ள ஒரு மரம், ஒரு சாலை கிடையாது.

போதாக்குறைக்கு, வண்டியின் உருவத்தை வைத்து அணி பிரிக்கவும் முடியாத போர் அது. கூட்டணியில் இருந்த சிரியாவிடம் சோவியத் டாங்கிகள் இருந்தன. ஈராக்கிடமோ ஈரானிடமிருந்தும் குவைத்திடமிருந்தும் பிடித்த எம்113-கள் இருந்தன. திரையில் எம்113 என்று தெளிவாகவே தெரிந்திருந்தாலும், அதனால் மட்டும் விடை கிடைத்திருக்காது.

எங்கே அறுந்தது

அந்த இரவின் ரேடியோ உரையாடலை வரிசையாக வைத்துப் பார்த்தால், சரிபார்ப்பு நடந்தது போலவே இருக்கும். ஹெலிகாப்டர் கேட்டது, தரை உறுதி செய்தது, ஹெலிகாப்டர் மறுபடி தயங்கியது, தரை மறுபடி உறுதி செய்தது. இரண்டு பேர், இரண்டு இடங்களில் இருந்து பார்த்தது போன்ற தோற்றம்.

உண்மையில் தரைத் தளபதி அந்த வண்டிகளைப் பார்க்கவே இல்லை. அவர் பார்த்தது தன் வரைபடத்தை. ஹெலிகாப்டர் சொன்ன கிரிட்டில் அவருடைய ஆட்கள் இல்லை என்பது சரிதான். அந்த கிரிட்டில் அந்த வண்டிகளும் இல்லை என்பதுதான் பிரச்சினை. அவர் சொன்ன 'ஆமாம்' ஹெலிகாப்டர் அனுப்பிய எண்ணின் எதிரொலி. எதிரொலியைக் கேட்டவருக்கு அது இன்னொருவரின் சாட்சியாகப் பட்டது. இரண்டாவது முறை கேட்டபோதும் அதே எண்ணைத்தான் திருப்பிக் கேட்டார்கள். எண்ணை விட்டுவிட்டு, 'உன் முன்னணி வண்டிகள் எங்கெங்கே, ஒவ்வொன்றாகச் சொல்' என்று ஒருவர் கேட்டிருந்தால் கதை மாறியிருக்கலாம்.

என் கணிப்பில் இந்த நிகழ்வின் நடு முடிச்சு இதுதான். தயங்கினாரே, எச்சரிக்கையாக இருந்தாரே என்று சொல்வார்கள். அவர் தயங்கியது உண்மை. ஆனால் தயக்கத்தைத் தீர்க்க அவரிடம் இருந்த ஒரே வழி, ஏற்கெனவே தவறிவிட்ட அதே வழி. திரையைக் கூர்ந்து பார்த்துத் தீர்த்துக்கொள்ள முடியாத தூரம். நெருங்கிப் போகலாம், ஆனால் ஈராக்கியர்களிடம் விமான எதிர்ப்புத் துப்பாக்கிகள் உண்டு. தெர்மல் கருவி கொடுக்கும் வசதியே தூரத்திலிருந்து அடிக்கலாம் என்பதுதான். அந்த வசதியை விட்டுக்கொடு என்று ஒரு பைலட்டிடம் கேட்பது சுலபமில்லை.

ஏவுகணை வெடித்த பிறகுதான் ரேடியோவில் வேறு குரல்கள் கேட்டன. நம் வண்டி அடிபட்டிருக்கலாம், நிறுத்துங்கள் என்று.

இதே டிவிஷன், 10 நாட்களுக்குள்

பிப்ரவரி 26 இரவு, இதே 1-வது காலாட்படை டிவிஷன் நார்ஃபோக் என்று பெயரிட்ட பகுதிக்குள் புகுந்தது. அதனோடு இணைந்திருந்த 2-வது கவச டிவிஷனின் 3-வது பிரிகேடில் நடந்தது முற்றிலும் வேறு மாதிரியான ஏமாற்று. முன்னால் போன அமெரிக்க வண்டிகள் மீது ஈராக்கியக் காலாட்படை, தோளில் வைத்து ஏவும் ஆர்பிஜி ராக்கெட்டுகளை விட்டது. அவை கவசத்தில் பட்டு வெடித்தன, பெரிய சேதம் இல்லை. ஆனால் பின்னால் வந்த டாங்கிகளின் தெர்மல் சைட்டில் அந்த வெடிப்பு, ஒரு டாங்கி பீரங்கி சுடும்போது குழல் முனையில் தெறிக்கும் நெருப்பைப் போலவே தெரிந்தது. எதிரி டாங்கிகள் நம்மை நோக்கிச் சுடுகின்றன என்று நினைத்துப் பின்னால் இருந்தவர்கள் சுட்டார்கள். சொந்த டாங்கிகளும் பிராட்லிகளும் எரிந்தன, வீரர்கள் இறந்தார்கள்.

இங்கே கிரிட் எண் எதுவும் தவறவில்லை. சூடான ஒரு பொட்டை எப்படிப் புரிந்துகொள்வது என்பதில்தான் தவறினார்கள்.

போர் முடிந்து கணக்கெடுத்தபோது அமெரிக்கத் தரப்பில் போரில் இறந்த 148 பேரில் 35 பேர் சொந்தத் தரப்பின் தாக்குதலில் இறந்தவர்கள். முற்றாக அழிந்த 9 ஏப்ராம்ஸ் டாங்கிகளில் 7 சொந்தக் குண்டுக்கு இரையானவை. மீதி 2 எதிரி கையில் சிக்கக் கூடாது என்று தாங்களே அழித்தவை. அழிந்த 20 பிராட்லிகளில் 17 இதே கணக்கு. ஈராக்கிய ராணுவத்தை விட நம் கன்னர்களே நம் வண்டிகளுக்குப் பெரிய ஆபத்தாக இருந்தார்கள் என்று இந்த எண்களை வாசிக்கலாம். எதிரியின் சூடு அவ்வளவு பலவீனமாக இருந்தது என்றும் வாசிக்கலாம். இரண்டும் உண்மை.

ஒட்டுப் போட்ட தீர்வுகள்

சொந்தப் படையே சுடுவதைத் தடுக்க அந்தப் போரின்போதே அவசர வேலைகள் நடந்தன. வண்டிகளில் தலைகீழ் வி குறி வரைந்தார்கள், விமானிகளுக்குத் தெரிய ஆரஞ்சுத் துணி விரித்தார்கள். ராணுவத்தின் இரவுப் பார்வை ஆய்வகம் 9 வோல்ட் பேட்டரியின் தலையில் மாட்டும் ஒரு சின்ன அகச்சிவப்பு விளக்கைக் கொடுத்தது. வீரர்கள் அதை பட் லைட் என்றார்கள். டார்ப்பா என்ற அமெரிக்கப் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பு இன்னும் பலமான ஒரு விளக்கைச் செய்வித்தது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இந்த விளக்குகள் உமிழ்வது ஒரு மைக்ரானுக்கும் குறைவான அலைநீளம். இருக்கிற சொற்ப ஒளியைப் பெருக்கிக் காட்டும் இரவுக் கண்ணாடி அணிந்தவருக்கு அது மின்னும். 8 முதல் 12 மைக்ரான் பார்க்கும் தெர்மல் திரையில் அது தெரியவே தெரியாது. அப்பாச்சியின் குறிபார்க்கும் தலை தெர்மல். விபத்து நடந்த கருவிக்கு அந்த விளக்கால் பயன் இல்லை. கண்ணாடியும் போட்டுக்கொண்டு திரையையும் பார்ப்பவருக்கு மட்டும் உதவும்.

தெர்மல் சைட்டுக்கென்று வந்த தீர்வு பிற்பாடு வந்த அடையாளப் பலகைகள். பரப்பில் வெப்பத்தைக் குறைவாக உமிழும் படலம் ஒட்டிய, ஜன்னல் சட்டம் போன்ற தகடுகள். சற்றே மேல்நோக்கிச் சாய்த்து மாட்ட வேண்டும். அப்போது தகடு தன் வெப்பத்தைக் காட்டாமல், மேலே இருக்கும் குளிர்ந்த வானத்தைப் பிரதிபலிக்கும். சூடான வண்டியின் நடுவில் கறுப்பாக ஒரு சதுரம். பேட்டரி வேண்டாம், எதிரிக்கு ஒளிச் சமிக்ஞை போகாது. எளிய, நல்ல யோசனை. சிக்கல் என்னவென்றால் தகட்டில் புழுதியோ சேறோ படிந்தால் அது மற்ற உலோகம் போலவே உமிழத் தொடங்கும். மேகம் தாழ்ந்து மூடினால் வானமே சூடாகிவிடும், சதுரம் மங்கிவிடும். தகடு மாட்டிய பக்கம் உங்களைப் பார்த்து இருக்கவும் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, சதுரம் தெரிகிற தூரத்துக்குள் நீங்கள் வந்திருக்க வேண்டும். ஜான்சனின் கணக்கு அதற்கும் பொருந்தும்.

கருவியையே மேம்படுத்தும் வேலையும் நடந்தது. இரண்டாம் தலைமுறையில் 480 வரிசை, வரிசைக்கு 4 என்று சென்சார் புள்ளிகள் வந்தன. எம்1ஏ2 எஸ்இபி டாங்கிக்கும் பிராட்லி ஏ3-க்கும் அது போனது. அப்பாச்சியின் மூக்கிலிருந்த இரண்டு தலைகளும் ஏரோஹெட் என்ற பெயரில் 2005-லிருந்து மாற்றப்பட்டன. சொந்த வண்டிகளைத் திரையில் நீல நிறத்தில் காட்டும் ப்ளூ ஃபோர்ஸ் ட்ராக்கர் 2003 ஈராக் போரில் பரவலானது. பிப்ரவரி 17-ன் உண்மையான ஓட்டைக்கு அளவெடுத்துத் தைத்த தீர்வு இதுதான் என்பேன். கிரிட் எண்ணை வாயால் சொல்லி வாயால் உறுதி செய்யும் வேலையை அது பெருமளவு குறைக்கிறது. ஆனால் செயற்கைக்கோள் வழியாக வரும் அந்தத் தகவல் சில நிமிடங்கள் பழையதாக இருக்கலாம், எல்லா வண்டியிலும் அந்தப் பெட்டி இருப்பதும் இல்லை.

2003 மார்ச் 25, பாஸ்ரா அருகே பிரிட்டிஷ் படை. நள்ளிரவு தாண்டி, ஒரு சேலஞ்சர் 2 டாங்கியின் குழு தெர்மல் சைட்டில் தொலைவில் சில சூடான பொட்டுகளைப் பார்த்தது. பொட்டுகள் ஏறி இறங்கி நடமாடின. பதுங்குகுழிக்குள் போய்வரும் ஈராக்கிய வீரர்கள் என்று எடுத்துக்கொண்டார்கள். அனுமதி கேட்டு, பெற்று, இரண்டு குண்டுகள் சுட்டார்கள். அங்கே நின்றது பக்கத்துப் படைப்பிரிவோடு இணைந்திருந்த இன்னொரு சேலஞ்சர் 2. நடமாடியவர்கள் அதன் மேல் இருந்த வீரர்கள். இரண்டாவது குண்டு திறந்திருந்த மேல்மூடியருகே வெடிக்க, 2 பேர் இறந்தார்கள். பாதுகாப்பு அமைச்சகத்தின் விசாரணைக் குழு இரண்டு படைப்பிரிவுகளின் எல்லை பற்றிய தகவல் கீழே வரை போய்ச் சேராததையும், சுட்ட டாங்கியின் குழுவுக்குத் திசையும் இடமும் குழம்பியிருந்ததையும் எடுத்துக் காட்டியது. அனுமதி கொடுத்தவர் அந்தப் பொட்டுகளைப் பார்க்கவில்லை. சொல்லப்பட்ட இடத்தை மட்டுமே கேட்டார்.